வடையில் ஏன் ஓட்டை? வீட்டில் செய்யும் பிளாஸ்டிக் வார்ப்பு எந்திரத்தின் 150 ஆண்டுகள்

பிளாஸ்டிக் இன்ஜெக்ஷன் மோல்டிங் எந்திரம் என்றதும் லாரி நீளத்துக்கு நிற்கிற, ஹைட்ராலிக் எண்ணெய் வாசம் வீசுகிற ஒரு பூதம்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் இதையே ஒரு மேசை மேல் வைக்கிற அளவில், வெல்டிங் பட்டறையும் லேத்தும் பக்கத்தில் இருந்தால் போதும்னு, உலகம் முழுக்க நிறைய பேர் வீட்டிலேயே செய்துகொண்டிருக்கிறார்கள். நின்ற வாக்கில் ஒரு இரும்புக் குழாய். அதைச் சுற்றி இரண்டு மூன்று பேண்ட் ஹீட்டர். உள்ளே இறங்கி ஏறும் ஒரு தண்டு, அதை அழுத்த ஒரு நீளமான கைப்பிடி. கீழே சின்ன துளையுள்ள ஒரு மூக்கு. மூக்குக்கு அடியில் இரண்டு பாதியாகப் பிரியும் ஒரு அலுமினிய அச்சு. மொத்த எந்திரமும் அவ்வளவுதான்.

இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. வீட்டில் இதைச் செய்து பார்ப்பவருக்கு வரிசையாக வருகிற தலைவலிகள் எல்லாம், இந்த எந்திரத்தின் வரலாற்றிலும் ஏறக்குறைய அதே வரிசையில் வந்திருக்கின்றன. ஒவ்வொரு தலைவலிக்கும் ஒரு ஆள், ஒரு ஆண்டு, ஒரு தீர்வு. அந்த ஆட்களில் ஒருவருடைய பெயரை வேண்டுமென்றே மறைத்தார்கள். அவர் கதையையும் சேர்த்துச் சொல்வதுதான் இந்தப் பதிவு.

யானையும் சூடமும்

1860-களில் அமெரிக்காவில் பில்லியர்ட்ஸ் பைத்தியம் உச்சத்தில் இருந்தது. பந்துகளோ யானைத் தந்தத்தில் கடைந்தவை. ஒரு தந்தத்திலிருந்து விரிசல் இல்லாத, எடை சமமான நல்ல பந்துகள் சிலதான் தேறும். ஃபெலன் அண்ட் காலண்டர் என்ற பில்லியர்ட்ஸ் நிறுவனம், தந்தத்துக்கு மாற்று கண்டுபிடிப்பவருக்கு 10,000 டாலர் பரிசு என்று அறிவித்தது. நியூயார்க் மாநிலம் ஆல்பனியில் அச்சுத்தொழில் செய்துகொண்டிருந்த ஜான் வெஸ்லி ஹயட் என்ற இளைஞர் இதில் இறங்கினார்.

பருத்தியை நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்தால் நைட்ரோசெல்லுலோஸ் கிடைக்கும். வெடிமருந்துக்குப் பயன்படும் அதே சரக்கு. இதை வைத்து இங்கிலாந்தில் அலெக்சாண்டர் பார்க்ஸ் ஏற்கெனவே ஒரு பிளாஸ்டிக்கைச் செய்து, 1862 லண்டன் கண்காட்சியில் 'பார்க்ஸைன்' என்று காட்டியிருந்தார். ஆனால் அது தொழிலாக நிலைக்கவில்லை. ஹயட் அதோடு கற்பூரத்தைச் சேர்த்து, சூடும் அழுத்தமும் கொடுத்தார். ஆமாம், நாம் கோயிலில் ஏற்றும் அதே சூடம்தான். கற்பூரம் சேர்ந்ததும் அந்த முரட்டு நார் குழைந்து வழிக்கு வந்தது. 1870-ல் ஜான் ஹயட்டும் அண்ணன் ஐசையா ஹயட்டும் இதற்குக் காப்புரிமை வாங்கினார்கள். 'செல்லுலாய்டு' என்ற பெயர் ஐசையா வைத்தது.

பந்து விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஹயட்டின் ஆரம்பகாலப் பந்துகளுக்கு மேல்பூச்சு ஏறக்குறைய சுத்தமான நைட்ரோசெல்லுலோஸ். இரண்டு பந்துகள் வேகமாக மோதினால் எப்போதாவது 'பட்'டென்று சின்னதாக வெடிக்கும். கொலராடோவில் மதுக்கடை வைத்திருந்த ஒருவர் இதைப் பற்றி அவருக்குக் கடிதம் எழுதினாராம். தனக்கு அந்தச் சத்தம் ஒரு தொந்தரவே இல்லை, ஆனால் சத்தம் கேட்ட நொடியில் கடையில் இருக்கிற அத்தனை பேரும் துப்பாக்கியை உருவுகிறார்கள் என்று. 1914-ல் பெர்கின் பதக்கம் வாங்கியபோது ஹயட்டே சொன்ன கதை இது.

முறுக்கு அச்சு

செல்லுலாய்டு கிடைத்துவிட்டது. அதை எப்படி உருவமாக்குவது? 1872 நவம்பரில் ஹயட் சகோதரர்கள் இன்னொரு காப்புரிமை வாங்கினார்கள். இன்றைக்கு உலகத்தில் ஓடும் அத்தனை இன்ஜெக்ஷன் எந்திரங்களுக்கும் முப்பாட்டன் அதுதான். சூடேற்றிய ஒரு உருளை, உள்ளே ஒரு உந்துதண்டு, முன்னால் ஒரு வாய். குழைந்த செல்லுலாய்டைத் தண்டு முன்னே தள்ளும். நம் வீட்டு முறுக்கு அச்சை அடுப்பு மேல் வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அதன் பெயரே 'திணிக்கும் எந்திரம்'தான்.

ஹயட் ஒரு அச்சுத்தொழிலாளி என்பதை இங்கே ஞாபகத்தில் வைப்பது நல்லது. அச்சகத்துக்கான ஈய எழுத்துகளை வார்க்க, உருகிய உலோகத்தை ஒரு பம்ப் அச்சுக்குள் பீய்ச்சுகிற எந்திரத்தை டேவிட் புரூஸ் 1838-லேயே அமெரிக்காவில் காப்புரிமை செய்துவிட்டார். உருகியதை அழுத்தி அச்சுக்குள் தள்ளலாம் என்பது அச்சுத்தொழிலில் பழகின சங்கதி. அதைப் பிளாஸ்டிக்குக்கும் செய்யலாமே என்று ஒருத்தருக்குத் தோன்றினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆனால் ஈயம் வேறு, பிளாஸ்டிக் வேறு. ஈயம் உருகினால் தண்ணீர் மாதிரி ஓடும். வெப்பத்தை நன்றாகக் கடத்தும். பாத்திரத்தின் ஓரம் சூடானால் நடுவும் சூடாகிவிடும். பிளாஸ்டிக் இந்த இரண்டிலும் நேரெதிர். உருகினாலும் அல்வா பதம்தான், தள்ளுவதற்கு மாடு மாதிரி பலம் வேண்டும். வெப்பம் கடத்துவதிலோ படு சோம்பேறி. இரும்பு கடத்துகிற வெப்பத்தில் ஏறக்குறைய 250-ல் ஒரு பங்கு, அலுமினியத்தோடு ஒப்பிட்டால் 1,000-ல் ஒரு பங்குதான் அது கடத்தும்.

போதாக்குறைக்கு செல்லுலாய்டின் அடிப்படையே வெடிமருந்து. குழைவதற்குத் தேவையான சூட்டுக்கும் சிதைந்து தீப்பிடிக்கிற சூட்டுக்கும் நடுவில் இடைவெளி ரொம்பக் குறைவு. உருளையின் சுவரை அதிகமாகச் சூடாக்கினால் ஓரத்தில் இருப்பது சிதையும். குறைவாகச் சூடாக்கினால் நடுவில் இருப்பது குழையாது. அதனால் ஹயட்டின் எந்திரம் பெரும்பாலும் கம்பியாகவும் குழாயாகவும் தகடாகவும் தான் தள்ளியது. அவற்றை அறுத்து, வளைத்து, அழுத்தித்தான் சீப்பும் சட்டைக் காலரும் பொய்ப்பல் தட்டும் செய்தார்கள். நேரடியாக ஒரு அச்சுக்குள் பீய்ச்சி முழுப் பொருளாக எடுப்பதற்கு அடுத்த 50 வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. எந்திரம் தயார், அதற்கு ஒத்துவருகிற சரக்குதான் இல்லை.

கண்ணாடிப் பெட்டியில் பெயரில்லாத பொடி

அந்தச் சரக்கைக் கொடுத்தவர் ஆர்தர் ஐஷன்குரூன். 1867-ல் ஜெர்மனியின் ஆகன் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்த வேதியியலாளர். பேயர் நிறுவனத்தில் வேலை பார்த்தபோது, 1903 வாக்கில் தியோடர் பெக்கர் என்பவரோடு சேர்ந்து, சாதாரணக் கரைப்பான்களில் கரையக்கூடிய செல்லுலோஸ் அசிடேட்டை உருவாக்கினார். அடிப்படை அதே பஞ்சுதான். நைட்ரிக் அமிலத்துக்குப் பதில் வினிகரின் உறவுக்கார வேதிப்பொருள். இதனால் வெடிக்காது, எளிதில் தீப்பிடிக்காது. பிற்பாடு சினிமாச் சுருள் எரியாத சுருளாக மாறியதும் இந்தப் பொருளால்தான்.

1908-ல் பேயரை விட்டு வந்து பெர்லினில் சொந்தமாக ஆலை வைத்தார். முதல் உலகப்போரில் விமான இறக்கைத் துணிகளுக்குப் பூசிய எரியாத வார்னிஷ் அவருடைய தொழில். போர் முடிந்த 1919-ல், இந்த அசிடேட்டைப் பொடியாக வைத்துச் சூடேற்றி, அழுத்தத்தோடு அச்சுக்குள் செலுத்தி வார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். இன்று நாம் சொல்லும் இன்ஜெக்ஷன் மோல்டிங் உண்மையில் தொடங்குவது இங்கேதான். ஹயட்டின் முறுக்கு அச்சுக்கு ஏற்ற மாவு கிடைத்துவிட்டது. சுவர் கொஞ்சம் அதிகமாகச் சூடானாலும் பயமில்லை. இந்தப் பொடியை நம்பித்தான் 1920-களில் ஜெர்மனியின் எக்கெர்ட் அண்ட் சீக்லர் நிறுவனம் விற்பனைக்கான வார்ப்பு எந்திரங்களைச் செய்தது. கையால் இயக்கும் எந்திரங்கள். இன்று வீட்டு மேசை மேல் நிற்கிற கைப்பிடி எந்திரத்தை 1926-ல் அந்தப் பட்டறையில் கொண்டுபோய் வைத்தால், யாரும் அதை வித்தியாசமாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். ஐஷன்குரூன் தன் நிறுவனத்துக்கு ஒரு 'ஆரிய' பங்குதாரரைச் சேர்க்க வேண்டியதாயிற்று. 1938-ல் நிறுவனமே கைமாறிப் போனது. யூத ஆண்கள் எல்லாரும் தங்கள் பெயரோடு 'இஸ்ரேல்' என்ற சொல்லைச் சேர்த்தே எழுத வேண்டும் என்பது நாஜிச் சட்டம். ஒரு அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில் அதைச் சேர்க்காமல் விட்டார் என்பதற்காக 1943-ல் 4 மாதச் சிறை. 1944-ல் மறுபடி கைது, தெரேசியன்ஷ்டாட் வதைமுகாம். அப்போது அவருக்கு வயது 76. போர் முடிந்து சோவியத் படை வரும்வரை 14 மாதம் அங்கே இருந்தார்.

முகாமிலிருந்து அவர் எழுதிய ஒரு கடிதத்தில், 1941-ல் மியூனிக் நகரின் ஜெர்மன் அருங்காட்சியகத்தில் என்ன இருந்தது என்று சொல்கிறார். வேதியியல் பிரிவின் கௌரவக் கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே வெள்ளைப் படிகங்கள், ஆஸ்பிரின். கண்டுபிடித்தவர்கள் என்று டிரெசர், ஹோஃப்மன் என இரண்டு பெயர்கள். ஆஸ்பிரின் தன் வழிகாட்டுதலில் நடந்த வேலை என்பது ஐஷன்குரூனின் வாதம். அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு பெட்டி. அதில் செல்லுலோஸ் அசிடேட். அது அவருடையது என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை, வரிசையாகக் காப்புரிமைகள் இருக்கின்றன. அந்தப் பெட்டியில் பொருளின் பெயர் இருந்தது. கண்டுபிடித்தவர் பெயர் இல்லை. வாசலிலோ, ஆரியர் அல்லாதோர் உள்ளே வரக்கூடாது என்று பெரிய பலகை.

ஆஸ்பிரின் விவகாரம் இன்றும் முடியவில்லை. வால்டர் ஸ்னீடர் என்ற ஆய்வாளர் 2000-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஐஷன்குரூனின் வாதம் சரி என்று எழுதினார். பேயர் அதை ஏற்கவில்லை. அந்தச் சண்டையால் அவர் பெயர் ஆஸ்பிரினோடு சேர்ந்து கொஞ்சமாவது அடிபடுகிறது. பிளாஸ்டிக்கோடு சேர்த்துச் சொல்பவர்கள் குறைவு. வார்ப்பு எந்திரத்தின் கதையைச் சொல்கிற பல பக்கங்கள் ஹயட்டிலிருந்து நேராக 1940-களுக்குத் தாவிவிடுகின்றன. நடுவில் இருக்கிற அந்தப் பெயரில்லாத பெட்டியைத் திறக்காமல் இந்தக் கதை நகராது என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதினேன்.

போண்டாவும் வடையும்

சரி, தீப்பிடிக்காத சரக்கு வந்துவிட்டது. வெப்பம் கடத்தாத பிரச்சினை? அது அப்படியே இருந்தது.

போண்டாவை எண்ணெயில் போட்டு அடுப்பை வேகமாக எரித்தால் என்ன ஆகும்? வெளியே கருகும், உள்ளே மாவு பச்சையாக இருக்கும். சமையல் தெரிந்தவர்களுக்கு இதற்கு இரண்டு வழி தெரியும். ஒன்று, தீயைக் குறைத்துப் பொறுமையாக வேகவிடுவது. இரண்டு, நடுவில் ஓட்டை போட்டு வடையாகத் தட்டுவது. ஓட்டை போட்டால் எண்ணெய் உள்பக்கமாகவும் தொடும், மாவின் கனமும் பாதியாகிவிடும்.

1930-களில் ஜெர்மானியப் பொறியாளர்கள் செய்தது இரண்டாவது வழி. உருளையின் நடுவில், மீன் வடிவத்தில் ஒரு இரும்புத் துண்டை நிறுத்தினார்கள். பெயர் டார்பிடோ. அதன் துடுப்புகள் உருளைச் சுவரைத் தொட்டுக்கொண்டிருப்பதால் சுவரின் சூடு டார்பிடோவுக்கும் போகும். பிளாஸ்டிக் இரண்டுக்கும் நடுவில் உள்ள மெல்லிய வளையத்தின் வழியாக நழுவிப் போக வேண்டும். வடை தயார்.

இதனால் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெப்பம் ஒரு பொருளுக்குள் ஊடுருவ ஆகும் நேரம், அதன் கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கனம் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. பிளாஸ்டிக்குக்கான வழக்கமான எண்களைப் போட்டால் தோராயமாக இப்படி வரும்:

- 25 மி.மீ. விட்டமுள்ள கெட்டி உருளை: வெப்ப வித்தியாசம் மூன்றில் ஒரு பங்காகக் குறையவே 270 விநாடி.
- 16 மி.மீ. விட்டமுள்ள உருளை: 110 விநாடி.
- டார்பிடோ வைத்து, இரண்டு பக்கமும் சூடான 4 மி.மீ. வளையம்: 16 விநாடி.

முழுக்க ஒரே சூடு பரவுவதற்கு இதைப்போல மூன்று நான்கு மடங்கு காத்திருக்க வேண்டும். அதாவது முதல் உருளைக்கு கால் மணி நேரத்துக்கு மேல், கடைசியதற்கு ஒரு நிமிஷம். குருணைகளுக்கு நடுவில் காற்று இருப்பதால் நடைமுறையில் இன்னும் கூடும். ஒரு இரும்புத் துண்டை நடுவில் நட்டு வைத்ததற்கு இவ்வளவு லாபம்.

வீட்டில் செய்பவர்கள் முதலில் முட்டிக்கொள்வதும் இதே சுவரில்தான். கண்ட்ரோலரில் 220 டிகிரி என்று காட்டும். கைப்பிடியை அழுத்தினால் தண்டு நகராது. எலக்ட்ரானிக்ஸில் ஏதோ கோளாறு என்று தோன்றும். கோளாறு ஒன்றுமில்லை. தெர்மோகப்புள் இரும்புச் சுவரில் உட்கார்ந்திருக்கிறது, அதனால் அது சுவரின் சூட்டைத்தான் சொல்லும். நடுவில் இருக்கிற பாலிபுரோப்பிலீன் இன்னும் 150-ஐத்தான் தாண்டியிருக்கும். அது உருகுவதோ 165-ல். மென்பொருள் ஆட்களுக்குப் புரிகிற பாஷையில் சொன்னால், டாஷ்போர்டு பச்சையாக இருக்கிறது, சர்வர் இன்னும் எழுந்திருக்கவில்லை. பிஐடி கண்ட்ரோலரை எவ்வளவு நுணுக்கமாக டியூன் செய்தாலும், அளக்காத இடத்தின் சூட்டை அது கட்டுப்படுத்தாது.

மிக்ஸி சூடும் டென்மார்க் செங்கல்லும்

அடுத்த பெரிய தாவல், வெளியிலிருந்து சூடாக்குவதைக் குறைத்து உள்ளேயே சூட்டை உண்டாக்குவது. இட்லி மாவை மிக்ஸியில் அரைத்தால் ஜார் சுடுகிறதல்லவா? அடுப்பு கிடையாது, ஆனாலும் மாவு சூடாகிறது. அரைபடுகிற வேலையே வெப்பமாக மாறுகிறது. கெட்டியான பொருளைப் பிசைந்தால் அதன் நடுவிலேயே சூடு பிறக்கும்.

1946-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் வாட்சன் ஹென்ட்ரி, உந்துதண்டுக்குப் பதில் சுழலும் திருகை வைத்து ஒரு வார்ப்பு எந்திரம் கட்டினார். திருகு சுழன்று குருணையை முன்னே தள்ளும்போதே பிசைந்து உருக்கிவிடும், நிறத்தையும் சேர்த்துக் கலக்கும். வில்லியம் வில்லர்ட் 1952-ல் விண்ணப்பித்த காப்புரிமையில் இது இன்னொரு படி போனது. ஒரே திருகு சுழன்று உருக்கும், பிறகு தானே ஊசிமருந்துக் குழாயின் தண்டு மாதிரி முன்னே பாய்ந்து உருகியதைச் செலுத்தும். இன்றைய தொழிற்சாலைகளில் ஓடுவது பெரும்பாலும் இந்த வடிவம்தான்.

திருகு வந்ததும் எந்திரத்துக்கும் வீட்டுக்கும் இருந்த உறவு அறுந்தது. திருகைச் சுழற்ற பெரிய மோட்டார், துல்லியமான பள்ளங்கள், தேயாத எஃகு எல்லாம் வேண்டும். கையால் ஆகிற காரியம் இல்லை.

அதே 1946-ல், டென்மார்க்கின் பில்லுண்டு கிராமத்தில் மரப்பொம்மை செய்துகொண்டிருந்த ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர், கோபன்ஹேகனில் ஒரு பிரிட்டிஷ் வார்ப்பு எந்திரத்தைப் பார்த்தார். வின்ட்சர் நிறுவனத்தின் எந்திரம், விலை 30,000 குரோனர். சின்னப் பட்டறைக்கு அது பெரிய தொகை. துணிந்து வாங்கினார். 1949-ல் அவருடைய லெகோ நிறுவனம் முதல் பிளாஸ்டிக் கட்டைகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கட்டையின் யோசனைக்கு முன்மாதிரி இங்கிலாந்தின் ஹிலரி பேஜ் செய்த கிட்டிகிராஃப்ட் கட்டைகள். அவரும் உரிய புகழ் கிடைக்காமலே 1957-ல் இறந்துபோனார்.

நான் இங்கே கவனித்தது அந்தக் கட்டைகள் எந்தப் பிளாஸ்டிக்கில் செய்யப்பட்டன என்பதை. இப்போதைய ஏபிஎஸ் 1963-ல்தான் வந்தது. அதுவரை லெகோ கட்டைகள் செல்லுலோஸ் அசிடேட். ஐஷன்குரூனின் சரக்கு. முதல் கட்டைகள் கடைக்கு வந்த அதே 1949-ன் டிசம்பரில்தான் அவர் பவேரியாவில் காலமானார்.

திரும்பவும் மேசை மேல்

தொழிற்சாலைகள் திருகுக்கு மாறின பிறகும் கைப்பிடி எந்திரம் சாகவில்லை. நம்மூர்ப் பட்டறைகளில் 'ஹேண்ட் மோல்டிங்' என்ற பெயரில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. சாவிக்கொத்து, புஷ், சின்னச் சின்ன மூடிகள் எல்லாம் அதில் வருகின்றன. 1968-ல் சென்னை கிண்டியில் மத்திய அரசு பிளாஸ்டிக் தொழில்நுட்பத்துக்கென்றே சிப்பெட் நிறுவனத்தைத் தொடங்கியபோது, இந்த வித்தையை முறையாகப் படிக்கவும் ஒரு இடம் வந்தது.

வீட்டில் செய்யும் மரபுக்கு அமெரிக்காவின் கிஞ்சரி குடும்பத்துக்கு நன்றி சொல்ல வேண்டும். அப்பா டேவ் கிஞ்சரி, கரி அடுப்பில் அலுமினியத்தை உருக்கி வீட்டிலேயே லேத் கட்டுவது எப்படி என்று புத்தகங்கள் போட்டவர். மகன் வின்சென்ட், கைப்பிடி வார்ப்பு எந்திரம் கட்டுவதற்கு ஒரு தனிப் புத்தகமே எழுதினார். அடுத்த அலை 2013-ல். நெதர்லாந்தின் ஐந்தோவன் வடிவமைப்புக் கல்லூரி மாணவர் டேவ் ஹாக்கன்ஸ், தன் பட்டப்படிப்புத் திட்டமாக, பிளாஸ்டிக் கழிவை அரைத்து உருக்கி வார்க்கும் எந்திரங்களைக் கட்டி, வரைபடங்களை எல்லாருக்கும் இலவசமாக விட்டார். 'பிரெஷியஸ் பிளாஸ்டிக்' என்று அந்தத் திட்டம் உலகம் முழுக்கப் பரவியது. அதில் உள்ள வார்ப்பு எந்திரம் அதே கதைதான்: குழாய், ஹீட்டர், தண்டு, நீளக் கைப்பிடி.

இப்படி ஒன்றைக் கட்ட நினைப்பவர்களுக்கு, வரைபடத்தில் இறங்குவதற்கு முன் போட வேண்டிய மூன்று கணக்குகள்:

முதலாவது, அழுத்தம். கைப்பிடி நீளம் 1 மீட்டர், தண்டை இணைக்கும் இடம் கீலிலிருந்து 10 செ.மீ. என்றால் பலம் பத்து மடங்காகும். 30 கிலோ விசையோடு இழுத்தால் தண்டில் 300 கிலோ. தண்டின் விட்டம் 25 மி.மீ. என்றால் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 61 கிலோ. 16 மி.மீ. என்றால் 150 கிலோ. தொழிற்சாலை எந்திரங்கள் 1,000-க்கு மேல் போகும். அதனால் குழாய் பெரிதாக இருந்தால் நிறைய வார்க்கலாம் என்று ஆசைப்பட்டால் அழுத்தம் போய்விடும், அச்சு பாதிதான் நிரம்பும். ஒல்லியான குழாயில் அழுத்தமும் கூடுகிறது, மேலே பார்த்தபடி சூடும் சீக்கிரம் ஏறுகிறது. ஆனால் 10 செ.மீ. தள்ளினால் கிடைப்பது 20 கன செ.மீ.தான். சின்னப் பொருளுக்கு அது போதும்.

இரண்டாவது, அச்சைப் பூட்டும் பலம். 5 செ.மீ.க்கு 5 செ.மீ. உள்ள ஒரு பொருள், 25 சதுர செ.மீ. உருளையில் உள்ள 150 கிலோவில் பாதி மட்டுமே அச்சுக்குள் போய்ச் சேர்ந்தாலும், அச்சின் இரண்டு பாதியையும் பிரிக்கப் பார்க்கும் விசை 1,800 கிலோவுக்கு மேல். ஏறக்குறைய இரண்டு டன். மரவேலைக் கிளாம்ப் இதைத் தாங்காது. அச்சு வாயைத் திறந்து ஓரமெல்லாம் பிசிறு தள்ளும். நான்கு மூலையிலும் எம்10 போல்ட் போட்டு முறுக்குவதுதான் எளிமையான வழி.

மூன்றாவது, சுருக்கம். பாலிபுரோப்பிலீன் ஆறும்போது 1.5 முதல் 2 சதவீதம் சுருங்கும். 50 மி.மீ. பொருளில் ஏறக்குறைய ஒரு மி.மீ. பாலிஸ்டைரீன் அரை சதவீதம்தான். அச்சு வெட்டும்போதே இதைச் சேர்த்து வெட்ட வேண்டும். அச்சு நிரம்பினவுடன் கைப்பிடியை விட்டுவிடவும் கூடாது. வாய்ப்பகுதி உறையும்வரை சில விநாடி அழுத்திப் பிடித்தால், சுருங்குகிற இடத்துக்குக் கூடுதல் சரக்கு உள்ளே போகும். இல்லாவிட்டால் கனமான இடங்களில் குழி விழும். அலுமினிய அச்சு சூட்டை மளமளவென்று உறிஞ்சிவிடும் என்பதால் முன்னாடியே கொஞ்சம் சூடாக்கி வைப்பது நல்லது.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பிவிசி-யை இதில் போடவே கூடாது. சூட்டில் சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை விடும். நுரையீரலையும் அரிக்கும், எந்திரத்தையும் அரிக்கும். பைப் துண்டு, ஒயர் உறை எல்லாம் பெரும்பாலும் பிவிசி. என்ன பிளாஸ்டிக் என்று தெரியாத குப்பையை உருக்காதீர்கள். மூடிகளில் முக்கோணத்துக்குள் 2 என்றோ 5 என்றோ போட்டிருந்தால் அது எச்டிபிஇ, பாலிபுரோப்பிலீன். ஆரம்பிப்பதற்கு அவை நல்லவை. உருகிய பிளாஸ்டிக் தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், உதறினால் போகாது. நீளக்கை தோல் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் கைப்பிடியைத் தொட வேண்டாம். மூக்கு அடைத்துக்கொண்டு உள்ளே அழுத்தம் ஏறி, திடீரென்று பீய்ச்சுவதும் உண்டு. அதனால் மூக்குக்கு நேரே முகத்தை வைத்துக் குனிந்து பார்க்கிற பழக்கமும் கூடாது.

யாருடைய எந்திரம்?

இப்போது மேசை மேல் நிற்கும் எந்திரத்தைத் திரும்பப் பார்க்கலாம். சூடான உருளையும் தண்டும் ஹயட்டுடையது, 1872. உருகியதை அழுத்தி அச்சுக்குள் விடும் பழக்கம் அச்சுக்கோக்கிற தொழிலிலிருந்து வந்தது. நடுவில் டார்பிடோ வைத்திருந்தால் அது 1930-களின் ஜெர்மனி. திருகு இல்லை, ஆகவே ஹென்ட்ரியும் வில்லர்ட்டும் இதில் இல்லை. வரைபடம் ஹாக்கன்ஸோ கிஞ்சரியோ கொடுத்தது. பொடியாகவோ குருணையாகவோ ஒன்றைக் கொட்டி, பயமில்லாமல் உருக்கி, முழுப் பொருளாகத் தட்டி எடுக்கலாம் என்ற எண்ணம் ஐஷன்குரூனுடையது.

காப்புரிமைப் பத்திரங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் ஆட்சியில் இருந்தாலும் அதில் பெயர் அச்சாகிவிட்டால் அழிக்க முடியாது. முகாமில் உட்கார்ந்து அந்த 76 வயதுக்காரர் தன் பக்க நியாயமாகச் சுட்டிக்காட்டியதும் அதைத்தான். அருங்காட்சியகத்துக்காரர்கள் பெட்டியிலிருந்து பெயரை எடுக்க முடிந்தது, ஆவணத்திலிருந்து எடுக்க முடியவில்லை.

இந்த எந்திரத்தைக் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் அதற்கு ஒரு பெயர் வைத்து, பெயிண்ட் அடித்து, கைப்பிடிக்குக் கீழே எழுதுகிறார்கள். யாராவது கட்டினால், உருளையின் ஓரத்தில் சின்னதாக 'ஐஷன்குரூன், 1919' என்று பொறித்துவிடுங்கள். ஒரு எண் பஞ்சும் சுத்தியலும் இருந்தால் ஐந்து நிமிஷ வேலை.